மழை பெய்தாலே மக்கர் பண்ணும் பழைய கார்: வயரிங்கை மொத்தமாக மாற்றத்தான் வேண்டுமா?

ராத்திரி ஷிஃப்ட் முடிந்து சிறுசேரி சிப்காட் வளாகத்திலிருந்து வண்டியை எடுக்கிறீர்கள். சாயங்காலம் நல்ல மழை பெய்து ஓய்ந்திருக்கிறது. பிரேக்கை மிதித்தால் பின்னால் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிகிறது. இண்டிகேட்டர் போட்டால் பார்க் லைட் கண் சிமிட்டுகிறது. ஹெட்லைட் வெளிச்சம் மண்ணெண்ணெய் விளக்கு மாதிரி மஞ்சளாக விழுகிறது. ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலைக்காகத் திருப்பிவிட்ட பாதையில் பள்ளம் எங்கே, தடுப்பு எங்கே என்று தெரியாமல் தட்டுத்தடுமாறி வீடு வந்து சேர்கிறீர்கள். காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம். செல்ஃப் எடுக்கவில்லை.

அடுத்து நடப்பது நம்மில் பலருக்கும் பழகிய கதை. முதலில் பேட்டரி மாற்றுவோம். சில நாள் நன்றாக ஓடும். அப்புறம் அதே ‘டிக், டிக்’. அடுத்து ஆல்டர்நேட்டரைக் கழற்றிப் பார்ப்பார்கள். கடைசியில் தீர்ப்பு வரும்: “வயரிங் போச்சு சார், மொத்தமா மாத்திடலாம்.” தொகையைக் கேட்டதும், இதுக்குப் பேசாம வண்டியையே வித்துடலாமே என்று தோன்றும்.

கொஞ்சம் பொறுங்க. 10, 15 வயதான காரில் வயரிங் கோளாறு என்றால் அது பெரும்பாலும் வயரின் நடுவில் இருக்காது. முனைகளில்தான் இருக்கும். கப்ளருக்குள் இருக்கும் பின்னில், பாடியில் போல்ட் போட்டு முடுக்கிய எர்த் இணைப்பில், பேட்டரி டெர்மினலில், எப்போதோ யாரோ முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டில். அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் பாகங்களை மாற்றிக்கொண்டே போவது, லாகைப் பார்க்காமல் சர்வரை மாற்றுகிற மாதிரி. சில நேரம் தற்செயலாகச் சரியாகும். ஏன் சரியானது என்று யாருக்கும் தெரியாது.

உப்பு, வெயில், எலி

சிறுசேரிக்கும் கடலுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகிற சாலையில் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே காற்றும் வெயிலும் சேர்ந்து என்ன செய்கிறதோ, அதையே கொஞ்சம் மெதுவாக உங்கள் பானெட்டுக்குள்ளும் செய்கிறது. காற்றில் வரும் உப்புத் துகள் ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலமாக உட்காரும். செம்பு அதில் பச்சை பூக்கும். பித்தளைப் பின், இரும்பு போல்ட், செம்பு வயர் என்று வெவ்வேறு உலோகங்கள் ஒட்டியிருக்கும் இடத்தில் அரிப்பு இன்னும் வேகம் பிடிக்கும்.

இதில் ஒரு சுவாரசியமான விஷயம் உண்டு. ஈரமான கப்ளரைக் கழற்றிப் பார்த்தால் எல்லாப் பின்னும் ஒரே மாதிரி அரித்திருக்காது. எப்போதும் 12 வோல்ட் இருக்கும் பின் மட்டும் கரைந்து மெலிந்திருக்கும். பக்கத்து எர்த் பின் ஓரளவு நன்றாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த மின்னாற்பகுப்புதான் காரணம். உப்புநீர் வழியே நேர்மின்சாரம் கசியும்போது பாசிட்டிவ் பக்கத்து உலோகம்தான் கரையும். அதனால் கப்ளரைச் சோதிக்கும்போது முதலில் லைவ் பின்னைப் பாருங்க.

செம்புக்கு உப்பு எதிரி என்றால், மேலே இருக்கும் பி.வி.சி. உறைக்கு வெப்பம் எதிரி. பி.வி.சி. இயல்பிலேயே விறைப்பான பொருள். அதை வளைகிற பதத்துக்குக் கொண்டுவர எண்ணெய் போன்ற சேர்மங்களைக் கலக்கிறார்கள். எஞ்சின் சூட்டில், திறந்தவெளி பார்க்கிங்கின் சித்திரை வெயிலில், அந்தச் சேர்மங்கள் வருடக்கணக்கில் மெல்ல வெளியேறும். கடைசியில் உறை காய்ந்த சுள்ளி மாதிரி ஆகி, வளைத்தால் வெடிக்கும். வெடிப்பு வழியே ஈரம் நுழைந்தால், திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி செம்பு இழைகளுக்கு நடுவே உள்ளே ஏறிக்கொண்டே போகும். வெளியே புத்தம் புதுசாகத் தெரிகிற வயரை வெட்டினால் உள்ளே கறுத்துப் போயிருப்பதன் ரகசியம் இதுதான்.

மூன்றாவது எதிரி எலி. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஆபீஸ் போகிறவர்களின் கார், மீதி ஐந்து நாளும் எலிக்கு வாடகையில்லாத வீடு. கடித்த வயர்தான் நடுவில் அறுந்து போகிற வயர். முனைக் கோட்பாட்டுக்கு முக்கியமான விதிவிலக்கு. ஹோண்டா நிறுவனம் மிளகாயின் காரச் சத்தான கேப்சைசின் தடவிய டேப்பையே தனி உதிரிபாகமாக விற்கிறது. பல வீடுகளில் நாப்தலீன் உருண்டை போடுகிறார்கள். வண்டியை இரண்டு நாளுக்கு ஒருமுறை நகர்த்தி வைப்பது இந்த இரண்டையும் விட மலிவு.

0.2 ஓம் என்ன பண்ணும்?

அரித்த இணைப்பு கரன்ட்டை முழுசாக நிறுத்திவிடாது. அப்படி நிறுத்தினால் கண்டுபிடிப்பது சுலபம். அது ஒரு சின்ன மின்தடையாக நடுவில் உட்கார்ந்துகொள்ளும். அதுதான் தலைவலி.

ஹெட்லைட்டில் இருக்கும் 60 வாட் ஹாலஜன் பல்பு சுமார் 5 ஆம்ப் கரன்ட் இழுக்கும். கப்ளரிலும் எர்த்திலும் சேர்ந்து 0.2 ஓம் தடை இருந்தால், ஓம் விதிப்படி 1 வோல்ட் அங்கேயே காலி. 12.6 வோல்ட் கிடைக்க வேண்டிய பல்புக்கு 11.6 வோல்ட்தான் போகும். எட்டு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை, ஏறக்குறைய 3.4 மடி அடுக்கில் குறைகிறது. எட்டு சதவீத வோல்டேஜ் போனால் கிட்டத்தட்ட கால்வாசி வெளிச்சம் போய்விடும். ஈ.சி.ஆரில் தெருவிளக்கு இல்லாத இடத்தில், குறுக்கே மாடு வந்து நிற்கும்போது, அந்தக் கால்வாசி முக்கியம்.

ஸ்டார்ட்டர் மோட்டார் கதை இன்னும் மோசம். சின்ன காரிலேயே அது 100 ஆம்புக்கு மேல் இழுக்கும். அங்கே 0.02 ஓம் தடை போதும், 2 வோல்ட் காணாமல் போய்விடும். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் பட்டையான எர்த் வயர் துருப்பிடித்தால், புது பேட்டரி போட்டாலும் ‘டிக், டிக்’தான். புது பேட்டரி முழு சார்ஜில் இருப்பதால் சில நாள் அந்தக் குறையை மறைத்து ஓட்டிவிடும். பேட்டரி மாற்றியதும் சரியான மாதிரி தெரிந்து, திரும்பவும் மக்கர் பண்ணுவது இதனால்தான்.

சரி, பிரேக் போட்டால் இண்டிகேட்டர் ஏன் எரிகிறது? பின் விளக்குகள் எல்லாமே ஒரே எர்த்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த எர்த் கெட்டுப்போனால், பிரேக் பல்பு வழியே வந்த கரன்ட் திரும்பிப் போக வழியில்லாமல், பக்கத்து இண்டிகேட்டர் பல்பின் இழை வழியே தலைகீழாக நுழைந்து வேறு எங்காவது எர்த் தேடிப் போகும். இரண்டு பல்பும் அரைகுறையாக எரியும். ஒன்றை அழுத்தினால் வேறொன்று எரிகிற எல்லாக் கோளாறிலும் முதல் சந்தேகம் எர்த் மேல்தான் விழ வேண்டும்.

மீட்டரை எங்கே வைப்பது?

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் வேண்டாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். ஆனால் அதை ஓம் அளவில் வைத்து வயரைச் சோதிக்காதீங்க. பலரும் ஏமாறுகிற இடம் இது. இருபது இழையில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் ‘பீப்’ என்று ஒலித்து நல்ல வயர் என்று சொல்லும். மீட்டர் அனுப்புவது கொசுறு கரன்ட்; அதற்கு ஒரு இழை தாராளம். ஹெட்லைட்டின் 5 ஆம்ப் வரும்போதுதான் குட்டு வெளிப்படும். அதனால் லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது எங்கே எத்தனை வோல்ட் தொலைகிறது என்று அளக்க வேண்டும்.

முதலில் அடிப்படை. ராத்திரி முழுக்க நின்ற காரில் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டினால் நல்ல சார்ஜ். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.4 வரை இருந்தால் ஆல்டர்நேட்டர் வேலை செய்கிறது. இந்த இரண்டும் சரி என்றால் அந்த இரண்டையும் மாற்றச் சொல்கிறவரிடம் காரணம் கேளுங்க. புதிய மாடல்கள் சிலவற்றில் கம்ப்யூட்டரே சார்ஜிங்கை ஏற்றி இறக்கும் என்பதால், அங்கே இந்த அளவு கொஞ்சம் மாறும்.

அடுத்ததுதான் முக்கியமான அளவு. மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலேயே தொடுங்க, கிளாம்ப்பில் அல்ல. சிவப்பு முனையை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத உலோகத்தில் வைங்க. கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, இன்னொருவர் செல்ஃப் அடிக்கட்டும். ஃபேன், பெல்ட் பக்கம் கையோ துப்பட்டாவோ போகக் கூடாது. அந்த நேரத்தில் மீட்டர் 0.2, 0.3 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் பரவாயில்லை. 1 வோல்ட் காட்டினால் திருடன் அந்தப் பாதையில்தான் இருக்கிறான். சிவப்பு முனையை ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கி நகர்த்திக்கொண்டே வாங்க. கம்பம், கிளாம்ப், வயரின் லக், போல்ட், பாடி. எந்த இரண்டு புள்ளிக்கு நடுவே அளவு குதிக்கிறதோ அங்கேதான் கோளாறு. பைசெக்ட் பண்ணி பிழையைத் தேடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஹெட்லைட்டுக்கும் இதே முறைதான். விளக்கைப் போட்டுவிட்டு, பல்பு ஹோல்டரின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளங்க. 0.1 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். அதேபோல் பேட்டரி பாசிட்டிவுக்கும் ஹோல்டரின் லைவ் பின்னுக்கும் நடுவே. அளந்துகொண்டிருக்கும்போதே வயர்க் கட்டை மெதுவாக அசைத்துப் பார்த்தால், பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் வருகிற கோளாறுகூட கையில் சிக்கும்.

வியாழக்கிழமை நிறுத்தின கார் செவ்வாய்க்கிழமை எடுக்கவில்லை என்றால்

இது தனி வகை. கார் நிற்கும்போதும் கடிகாரம், ரிமோட் லாக், கம்ப்யூட்டர் நினைவகம் எல்லாம் கொஞ்சம் கரன்ட் குடிக்கும். பொதுவாக 50 மில்லி ஆம்புக்குள் இருக்கும். ஈரம் ஏறிய கப்ளரோ, ஒட்டிக்கொண்ட ரிலேயோ, தப்பாக இணைத்த டேஷ்கேமோ அதை 300 மில்லி ஆம்புக்கு ஏற்றிவிட்டால், ஒரு நாளைக்கு 7 ஆம்ப்-அவர் போகும். 45 ஆம்ப்-அவர் பேட்டரி நாலரை நாளில் முக்கால் பங்குக்கு அருகில் காலி. தினமும் ஓட்டியவரைக்கும் இந்தக் கசிவு வெளியே தெரிந்திருக்காது. ஹைபிரிட் வேலை வந்த பிறகு திடீரென்று தெரியும்.

கண்டுபிடிக்க ஒரு நல்ல உபாயம்: ஃபியூஸைப் பிடுங்காமலே, ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் தெரிகிற இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு நடுவே மில்லி வோல்ட் அளப்பது. காரைப் பூட்டி அரை மணி நேரம் தூங்கவிட்ட பிறகு அளந்தால், கரன்ட் ஓடாத ஃபியூஸ் பூஜ்ஜியம் காட்டும். பூஜ்ஜியம் அல்லாததுதான் விழித்துக்கொண்டிருக்கும் சர்க்யூட். பானெட்டும் கதவும் திறந்திருந்தால் கார் தூங்காது. அதனால் அவற்றின் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடியது போல் ஏமாற்றிவிட்டு, எல்லாம் முடிந்ததும் மறக்காமல் விடுவிக்க வேண்டும்.

சரிசெய்வது எப்படி?

எர்த் என்றால் வேலை சுலபம். பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்க. திரும்ப மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்க. ஏனென்றால் பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பானர் தவறி பாடியில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும். நெகட்டிவ் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. எர்த் போல்ட்டைக் கழற்றி, லக்கையும் பாடியையும் உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு முடுக்கி, அதற்குப் பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவணும். முன்பே தடவிவிட்டு முடுக்குவதை விட இந்த வரிசை நல்லது. ஜெல்லியின் வேலை ஈரத்தை வெளியே நிறுத்துவது.

வயரையே வெட்டி ஒட்ட வேண்டுமென்றால் இன்னும் கவனம். உறையை உரித்ததும் செம்பு கறுப்பாக இருந்தால் அந்த இடத்தில் ஜாயின்ட் போட்டுப் பயனில்லை, சால்டரும் பிடிக்காது. பளிச்சென்று செம்பு தெரிகிற வரைக்கும் பின்னோக்கி வெட்டிக்கொண்டே போங்க. நீளம் பற்றாமல் போனால் அதே சதுர மில்லிமீட்டர் கனமுள்ள கார் வயரை நடுவில் சேர்க்கணும். கனம் பாதியானால் தடை இரண்டு மடங்கு. வீட்டு வயரிங்கில் மிச்சமான துண்டைப் போடுவது நம்ம ஊரில் சகஜம். வீட்டு வயரின் சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரிக்குத்தான் கணக்கு. பானெட்டுக்குள் போகிற வயருக்கு 100 டிகிரிக்கு மேல் தாங்கும் உறை தேவை.

முறுக்கி டேப் சுற்றுவது ஜாயின்ட்டே அல்ல. சாதாரண இன்சுலேஷன் டேப் எஞ்சின் சூட்டில் பசை உருகி, ஒரே கோடையில் அவிழ்ந்துவிடும். சால்டர் பண்ணினால் பலமாகத்தானே இருக்கும் என்று கேட்கலாம். அதிலும் சிக்கல் உண்டு. உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரை ஒரு கம்பி மாதிரி விறைக்கச் செய்யும். விறைப்பும் நெகிழ்வும் சந்திக்கிற இடத்தில் அதிர்வு பட்டுப்பட்டு ஒடியும். அதனால்தான் கார்த் தொழிற்சாலைகள் பெரும்பாலும் கிரிம்ப் முறையை நம்புகின்றன: உலோகக் குழாய்க்குள் இரண்டு முனையையும் விட்டு, அதற்கான கருவியால் நசுக்குவது. கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது, கையால் இழுத்தாலே வந்துவிடும். மேலே, உள்பக்கம் பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டினால், பசை உருகி ஈரம் நுழையாமல் அடைத்துக்கொள்ளும். நான்கைந்து வயர் ஒன்றாக அறுந்திருந்தால் ஜாயின்ட்டுகளை ஒரே இடத்தில் வைக்காமல் ஏறுமாறாக வைக்கச் சொல்லுங்க. இல்லையென்றால் கட்டு அங்கே எலியை விழுங்கிய பாம்பு மாதிரி புடைத்து நிற்கும். ஒரு உறை கிழிந்தால் எல்லாமே ஒன்றோடொன்று ஷார்ட் ஆகும்.

இரண்டு இடத்தில் மட்டும் கை வைக்காதீங்க. மஞ்சள் கப்ளர், மஞ்சள் உறை போட்ட வயர்கள் பொதுவாக ஏர்பேக்குக்கானவை. மீட்டர் முனைகூட அதில் படக் கூடாது. இன்னொன்று, ஒன்றோடொன்று முறுக்கிய இரட்டை வயர். அது கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் கேன் பஸ். முறுக்கை அவிழ்த்து நீளமாக ஜாயின்ட் போட்டால், இரைச்சல் புகுந்து, சம்பந்தமே இல்லாத எச்சரிக்கை விளக்குகள் எரிய ஆரம்பிக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு வயருக்கும் நடுவே அளந்தால் வழக்கமாக 60 ஓம் காட்டும். 120 காட்டினால் எங்கோ ஒரு பக்கம் துண்டாகியிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

சிவப்பைக் கழற்றி மஞ்சளைச் செருகாதீங்க

பழைய கார்களில் உண்மையான ஆபத்து அரிப்பில் அல்ல, அரிப்புக்கு நாம் செய்கிற அவசர வைத்தியத்தில் இருக்கிறது. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 10 ஆம்ப் சிவப்பைக் கழற்றிவிட்டு 20 ஆம்ப் மஞ்சளைச் செருகுவார்கள். அப்புறம் ஃபியூஸ் போகாது. வயர் போகும்.

ஃபியூஸ் இருப்பது ரேடியோவையோ ஹாரனையோ காப்பாற்ற என்று நினைக்கிறோம். அது காப்பாற்றுவது வயரை. 10 ஆம்புக்கென்று கணக்குப் போட்ட மெல்லிய வயரில் 20 ஆம்ப் ஓடினால், அதில் உண்டாகும் சூடு இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. டேஷ்போர்டுக்குப் பின்னால், காற்றோட்டமில்லாத இடத்தில், காய்ந்துபோன பி.வி.சி. உறையோடு. காருக்குள் பிளாஸ்டிக் கருகுகிற வாசனை வந்தால் ‘வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்’ வேண்டாம். ஓரம் கட்டி, இக்னிஷனை அணைத்து, எல்லோரும் இறங்குங்க. புகை வந்தால் பானெட்டை அகலத் திறக்காதீங்க. காற்று போனால் குப்பென்று பிடிக்கும். தள்ளி நின்று 101 அல்லது 112-ஐ அழையுங்க.

ஹெட்லைட் மங்கல் என்றதும் 100/90 வாட் பல்பு போடுவதும் இதே ரகம். பழைய மாடல்கள் பலவற்றில் ஹெட்லைட் கரன்ட் முழுதும் ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்ச் வழியாகவே போகும். அந்த சுவிட்ச் 60/55 வாட்டுக்குக் கணக்குப் போட்டது. அதிக வாட்டில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உருகும். கூடுதல் வாட் பல்பு சட்டப்படியும் கூடாது. சரியான வழி, அதே 60/55 பல்பை வைத்துக்கொண்டு ரிலே போடுவது. பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு நேராகக் கனமான வயர், அதைத் திறந்து மூட ஒரு ரிலே, ரிலேயை இயக்க மட்டும் பழைய சுவிட்ச். தொலைந்துபோன அந்த 1 வோல்ட்டில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். சுவிட்சும் பிழைக்கும்.

டேஷ்கேம், ரிவர்ஸ் கேமரா, ஜி.பி.எஸ். எல்லாவற்றுக்கும் கரன்ட் எடுக்க, ஓடுகிற வயரின் உறையைக் கீறி இன்னொரு வயரைச் சுற்றுவது நம்ம ஊர் ஆக்சஸரி கடைகளின் பழக்கம். அந்தக் கீறல்தான் ஐந்து வருடம் கழித்துக் கோளாறாக முளைக்கும். ஃபியூஸ் பெட்டியிலேயே செருகி, தனி ஃபியூஸோடு கரன்ட் எடுக்கும் சின்ன அடாப்டர் கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்கிப் போடச் சொல்லுங்க.

உண்மையிலேயே மாற்ற வேண்டிய நிலை

எல்லாக் காருக்கும் முனை வைத்தியம் போதாது. வயரின் உறையே செத்துப்போனால், மாற்றித்தான் ஆகணும். உலக அளவில் இதற்குப் பேர்போன உதாரணம் மெர்சிடிஸ்-பென்ஸ். 1990-களின் முதல் பாதியில் வந்த டபிள்யூ124 உள்ளிட்ட மாடல்களில் எஞ்சின் பகுதி வயர்களின் உறை, சூட்டில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. வயர் வயராக ஒட்டிப் பயனில்லை; எஞ்சின் வயரிங் செட்டையே மாற்ற வேண்டியிருந்தது. உங்கள் காரில் இதைச் சோதிக்க, எஞ்சின் ஆறிய பிறகு, சூடு அதிகம் படுகிற இடத்தில் ஒரு வயரை மெதுவாக வளைத்துப் பாருங்க. உறையில் கோடு கோடாக வெடிப்பு விழுந்தால் அந்தப் பகுதி செட் போய்விட்டது. அப்போதும் ‘அந்தப் பகுதி’ மட்டும்தான். காரின் வயரிங் எஞ்சின், டேஷ்போர்டு, தரை, கதவுகள் என்று தனித்தனிச் செட்டுகளாகத்தான் வருகிறது.

இரண்டாவது, வெள்ளத்தில் மூழ்கிய கார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் எத்தனையோ கார்கள் கூரைவரை மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை அடுக்குமாடி வளாகத்திலிருந்து கார்கள் மிதந்து போன வீடியோவை மறந்திருக்க மாட்டோம். அப்படி மூழ்கிய கார்கள் பலவும் ஏலத்தில் போய், கழுவித் துடைக்கப்பட்டு, செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்தன. டேஷ்போர்டு உயரம் வரை சகதித் தண்ணீர் ஏறிய காரில் கம்பளத்துக்கு அடியில் ஓடும் வயர்க் கட்டு, ஃபியூஸ் பெட்டி, கம்ப்யூட்டர் கப்ளர் எல்லாமே ஒரே நேரத்தில் அரிக்க ஆரம்பிக்கும். இன்றைக்கு ஒரு முனையைச் சரிசெய்தால் அடுத்த மாதம் இன்னொன்று. செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்க. சீட்டுக்கு அடியில் போல்ட், ஓட்டுநர் கால் வைக்கிற இடத்துக்கு மேலே உள்ள கப்ளர்கள் இரண்டையும் மொபைல் டார்ச் அடித்துப் பாருங்க. இன்டீரியர் பாலிஷ் போடுகிறவர் அங்கெல்லாம் கை வைப்பதில்லை.

மாற்றுவது என்று முடிவானால் அடுத்த கேள்வி, செட் எங்கே கிடைக்கும்? செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்களுக்கு இது சொந்தக் கதை. மறைமலைநகர் ஆலையில் 1999-ல் ஐகானில் தொடங்கி, ஃபியஸ்டா, எகோஸ்போர்ட் வரை செய்த ஃபோர்டு, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பர் 9-ல் அறிவித்தது. சர்வீசும் உதிரிபாகமும் தொடரும் என்று சொன்னது. ஆனாலும் வண்டிக்கு வயதாக ஆக, பிரேக் பேட் போல வயரிங் செட் எல்லாக் கடையிலும் கிடைக்காது. மாருதி 800 மாதிரி லட்சக்கணக்கில் ஓடிய காருக்கு, 2014-ல் உற்பத்தி நின்ற பிறகும் வெளிச்சந்தையில் ஏதாவது கிடைக்கிறது. அவ்வளவு விற்காத மாடல் என்றால் தேடி அலையணும்.

காரணம், வயரிங் செட் இன்றும் பெரும்பாலும் கையால் செய்கிற பொருள். நீளமான பலகையில் ஆணி அடித்து, ஒவ்வொரு வயராக வளைத்து, கட்டி, டேப் சுற்றுகிறார்கள். மாடலுக்கு ஒன்று, அதில் வேரியன்ட்டுக்கு ஒன்று. 2022-ல் போர் தொடங்கி உக்ரைனில் இருந்த வயரிங் ஆலைகள் முடங்கியபோது, ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகனும் பி.எம்.டபிள்யூவும் உற்பத்தியைக் குறைக்க வேண்டியிருந்தது. ஒரு வாரத்தில் வேறு ஊரில் செய்துவிடக்கூடிய பொருளாக இருந்திருந்தால் அந்த நிலை வந்திருக்காது.

அதனால் புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய செட் வாங்குவதாக இருந்தால், ‘2011 மாடல்’ என்று மட்டும் சொல்லாதீங்க. உங்கள் செட்டில் ஒட்டியிருக்கும் துணி அல்லது காகிதப் பட்டியில் பார்ட் நம்பர் இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டு போங்க. பெட்ரோலா டீசலா, ஏ.பி.எஸ். உண்டா, ஏர்பேக் உண்டா என்பதைப் பொறுத்து கப்ளர்கள் மாறும். காரிலிருந்து வெட்டி எடுத்த செட்டை விட, கப்ளர் கப்ளராகக் கழற்றி எடுத்ததற்குத்தான் மதிப்பு. வாங்கும் முன் இரண்டு மூன்று கப்ளரைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்க. வெள்ளத்தில் போன காரின் செட்டை வாங்கி உங்கள் காரில் போட்டுக்கொள்வதை விடக் கொடுமை வேறில்லை.

பழைய காரை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதற்கு வேறு கணக்குகளும் உண்டு. 15 வருடம் முடிந்த காருக்கு ஆர்.டி.ஓ.விடம் பதிவைப் புதுப்பிக்க வேண்டும்; அதற்கான மத்திய அரசுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியது. பசுமை வரி தனி. தகுதிச் சோதனையில் விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாம் வேலை செய்ய வேண்டும். வயரிங்கைக் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அங்கே போய் நிற்கும்போதுதான் இண்டிகேட்டர் மங்கும்.

எலக்ட்ரீஷியனிடம் போகும்போது “எல்லாத்தையும் பாத்துடுங்க” என்று சாவியைக் கொடுக்காமல், எப்போது கோளாறு வருகிறது, மழையிலா பள்ளத்திலா, எதை அழுத்தினால் எது எரிகிறது என்று எழுதிக் கொடுங்க. “அண்ணே, வோல்டேஜ் டிராப் அளந்து பாத்தீங்களா?” என்று ஒரு கேள்வி. மீட்டரை எடுத்து அளக்கிறவரை விடாமல் பிடித்துக்கொள்ளுங்க. மாற்றிய பாகத்தைத் திருப்பிக் கேளுங்க. வெட்டி எடுத்த வயர்த் துண்டையும் சேர்த்து.

வேலை முடிந்து வண்டி கைக்கு வந்ததும் அரை மணி நேரம் ஹெட்லைட், ஏ.சி., பின் கண்ணாடி டிஃபாகர் எல்லாவற்றையும் போட்டு ஓட்டிவிட்டு, எஞ்சினை அணைத்து, புதிதாகப் போட்ட ஜாயின்ட்டுகளையும் பேட்டரி கிளாம்ப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்க. சுற்றுப்புறத்தை விட ஒரு இணைப்பு மட்டும் சுட்டால் அது சரியாகப் பிடிக்கவில்லை. எஞ்சின் பிளாக்கில் எடுத்த அந்த எர்த் அளவை மொபைலில் குறித்து வைத்துக்கொண்டு, வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு, பொங்கல் வாக்கில், இன்னொரு முறை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்க.